தயோசல்பேட் சோதனை: தண்ணீர் சேர்த்தாலும் நேர்கோடு, சேர்க்காவிட்டாலும் நேர்கோடு. எது சரி?

பெரம்பூர்_டியூஷன்:

பிளஸ் டூ வேதிவினை வேகவியலுக்காகச் சோடியம் தயோசல்பேட், ஹைட்ரோகுளோரிக் அமிலம் சோதனையை இரண்டு குழுக்களாகப் பிள்ளைகள் செய்தார்கள். கூம்புக் குடுவைக்கு அடியில் பேப்பரில் பெருக்கல் குறி. வினையில் உருவாகும் கந்தகத்தால் கரைசல் கலங்கி அந்தக் குறி மறையும் வரை ஸ்டாப்வாட்ச். தயோசல்பேட் 0.15 மோலார், அமிலம் 2 மோலார், ஒவ்வொரு முறையும் 5 மிலி.

முதல் குழு, காலை, 29 டிகிரி. தயோசல்பேட்டைக் குறைக்கும்போது தண்ணீர் சேர்த்து 50 மிலி ஆக்கிக்கொண்டார்கள்.
50 மிலி: 22 விநாடி
40 மிலி: 28
30 மிலி: 37
20 மிலி: 57
10 மிலி: 119

இரண்டாம் குழு, மதியம், 34 டிகிரி. தண்ணீரே சேர்க்கவில்லை, தயோசல்பேட்டை மட்டும் குறைத்தார்கள்.
50 மிலி: 16 விநாடி
40 மிலி: 20
30 மிலி: 26
20 மிலி: 37
10 மிலி: 66

எடுத்த மிலியை கிடை அச்சிலும் 1/நேரத்தைக் குத்து அச்சிலும் வைத்தால் இரண்டுமே நேர்கோடு. "தண்ணீர் சேர்க்காமலே சரியாகத்தானே வருது, அப்புறம் எதுக்கு சேர்க்கணும்?" என்று இரண்டாம் குழு கேட்கிறது. நியாயமான கேள்வி. என்ன சொல்வது?

இன்னொன்று. முதல் குழு 20 மிலி தயோசல்பேட்டோடு அமிலத்தை 10 மிலி ஆக்கி, தண்ணீரை 25 மிலியாகக் குறைத்துப் பார்த்தது. 57 விநாடி 53 ஆனது, அவ்வளவுதான். சமன்பாட்டில் அமிலத்துக்கு முன்னால் 2 இருக்கிறது. வேகம் நாலு மடங்கு ஆகியிருக்க வேண்டாமா?

---

வண்ணை_லேப்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன் சார், அதுலதான் விஷயமே இருக்கு.

இரண்டாம் குழுவோட நேர்கோடு உண்மைதான். ஆனா அது செறிவைப் பற்றிய கோடு இல்லை. அவங்க குடுவையில இருந்த உண்மையான செறிவைக் கணக்குப் போட்டுப் பாருங்க. 50 மிலியோட 5 மிலி அமிலம் சேர்ந்தா மொத்தம் 55 மிலி, தயோசல்பேட் 0.136 மோலார். 10 மிலியோட 5 மிலி சேர்ந்தா 15 மிலி, 0.10 மோலார். செறிவு கால் பங்குக்குச் சற்று கூடுதலாத்தான் குறைஞ்சிருக்கு. 1/நேரமோ நாலில் ஒன்றாயிடுச்சு. கிடை அச்சுல மிலிக்குப் பதிலா இந்த உண்மைச் செறிவைப் போடச் சொல்லுங்க, அந்த அழகான கோடு காணாமப் போயிடும்.

அப்படின்னா மிலியைப் போட்டா மட்டும் ஏன் நேர்கோடு வருது? ஸ்டாப்வாட்ச் அளக்கறது வினை முடியற நேரத்தை இல்லை. மேலிருந்து பார்க்கற கண்ணுக்கும் அடியில இருக்கற குறிக்கும் நடுவுல ஒரு குறிப்பிட்ட அளவு கந்தகம் வந்து நிக்க எடுக்கற நேரம் அது. அந்த அளவை இரண்டு விஷயம் சேர்ந்து தீர்மானிக்குது: ஒரு மிலியில எவ்வளவு கந்தகம், திரவம் எவ்வளவு ஆழம்.

தண்ணீர் சேர்க்கலைன்னா ஆழமும் குறையுது. 55 மிலி 15 மிலி ஆகும்போது ஆழம் ஏறக்குறைய 3.7ல் ஒரு பங்கு. அதே மறைப்பு கிடைக்கணும்னா ஒவ்வொரு மிலியிலும் 3.7 மடங்கு கந்தகம் வந்தாகணும். செறிவு குறைஞ்சதால வேகம் 1.36 மடங்கு குறைவு. இரண்டையும் பெருக்கினா சரியா 5. தயோசல்பேட்டை அஞ்சுல ஒண்ணாக் குறைச்சீங்க, நேரம் அஞ்சு மடங்கு வரணும்னு கணக்கு சொல்லுது. தண்ணீர் சேர்த்தவங்களுக்கும் அதே 5 மடங்குதான் வரணும். இது தற்செயல் இல்லை. முதல் வகை வினைன்னு (அதாவது வேகம் தயோசல்பேட் செறிவுக்கு நேர்விகிதம்னு) எடுத்துக்கிட்டு எழுதிப் பார்த்தா மொத்தக் கன அளவு சமன்பாட்டுல அடிபட்டுப் போயிடும். எடுத்த தயோசல்பேட்டோட மிலி மட்டும்தான் மிஞ்சும். அதனால தப்பான முறையும் சரியான மாதிரியே தெரியுது.

ஆனா முழுசா ஒளிஞ்சிக்க முடியாது. மிலியையும் நேரத்தையும் பெருக்கிப் பாருங்க. முதல் குழு: 1100, 1120, 1110, 1140, 1190. கிட்டத்தட்ட மாறிலி, கோடு பூஜ்யத்துக்குப் பக்கத்துல போகும். இரண்டாம் குழு: 800, 800, 780, 740, 660. கீழே போகப் போகச் சரியுது. கோட்டைப் பின்னால நீட்டினா பூஜ்யத்துல முட்டாது, குத்து அச்சை மேலே வெட்டும். தயோசல்பேட்டே இல்லாமலும் வினை நடக்கும்னு அந்தக் கோடு சொல்ற மாதிரி! காரணம், தண்ணீர் இல்லாததால அமிலத்தோட செறிவு 0.18ல இருந்து 0.67 மோலாருக்கு ஏறியிருக்கு. கூடவே 250 மிலி குடுவையில 15 மிலி ஊத்தினா ஆழம் 3 மிமீகூட வராது. குடுவையோட அடி நடுவுல லேசா மேடா இருக்கும், அந்த ஆழத்துல குறி எப்ப மறையுதுங்கறதே ஆளுக்கு ஆள் மாறும்.

வாயால சொல்றதை விட ஒரு சோதனை செஞ்சு காட்டலாம். ஒரே அளவுள்ள 250 மிலி பீக்கர் இரண்டு எடுங்க. ஒண்ணுல 25 மிலி தயோசல்பேட், 25 தண்ணீர், 5 அமிலம். இன்னொண்ணுல 50 தயோசல்பேட், 50 தண்ணீர், 10 அமிலம். இரண்டுலயும் எல்லாச் செறிவும் ஒண்ணு, வெப்பநிலையும் ஒண்ணு. வினைவேகம் மாற வழியே இல்லை. ஆனா ஆழமான பீக்கர்ல குறி ஏறக்குறைய பாதி நேரத்துல மறையும். இதைப் பார்த்துட்டா "எதுக்கு தண்ணீர்?"னு யாரும் கேட்க மாட்டாங்க.

---

கூழ்மம்:

அமிலக் கேள்விக்கு வருகிறேன்.

சமன்பாட்டில் உள்ள எண்ணுக்கும் வினைவகைக்கும் (வேகம் செறிவின் எத்தனையாவது அடுக்கைப் பொறுத்தது என்ற எண்ணுக்கும்) நேரடித் தொடர்பு கிடையாது. பாடத்தில் இந்த வாக்கியத்தை எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். அதைக் கண்ணால் பார்க்கிற இடம் இந்தச் சோதனைதான்.

வினை ஒரே அடியில் நடப்பதில்லை. முதலில் தயோசல்பேட் அயனி ஒரு ஹைட்ரஜன் அயனியை ஏற்றுக்கொள்கிறது. இது மிக வேகமாக நடந்து சமநிலைக்கு வந்துவிடும். பிறகு அப்படி ஏற்ற அயனிகள் மற்ற தயோசல்பேட் அயனிகளிடமிருந்து கந்தக அணுக்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சங்கிலியாக நீள்கின்றன. போதுமான நீளம் வந்ததும் சங்கிலி எட்டு அணு வளையமாக மூடி விடுபடுகிறது. மெதுவான பகுதி இந்தச் சங்கிலி வேலை.

உங்கள் 20 மிலி கலவையில் தயோசல்பேட் 3 மில்லிமோல், அமிலம் 10 மில்லிமோல். அமிலம் ஏற்கெனவே மூன்று மடங்குக்கும் மேல். தயோசல்பேட்டின் பெரும்பகுதி ஹைட்ரஜன் அயனியை ஏற்றாகிவிட்டது. இன்னும் 10 மில்லிமோல் ஊற்றினால் ஏற்றுக்கொள்ள யார் இருக்கிறார்கள்? அதனால்தான் 57 விநாடி 53 ஆனதோடு நின்றது. இந்த மாற்றத்தில் ஆழத்துக்குப் பங்கே இல்லை என்பதையும் கவனியுங்கள். 20 + 25 + 10 என்று மொத்தம் 55 மிலியாகவே வைத்திருக்கிறார்கள். முதல் குழுவைப் பாராட்ட வேண்டும்.

அமிலத்தின் பங்கு தெரிய வேண்டுமானால் அதைக் குறைக்கிற திசையில் போக வேண்டும். 2 மோலாருக்குப் பதில் 1, 0.5, 0.25 மோலார் அமிலம் 5 மிலி எடுங்கள். 0.5 மோலாரில் அமிலம் 2.5 மில்லிமோல்தான், தயோசல்பேட்டை விடக் குறைவு. அங்கிருந்து நேரம் தெளிவாக நீள ஆரம்பிக்கும். வினைவகை என்பது அந்தச் செறிவு எல்லைக்குள் மட்டும் பொருந்தும் எண் என்று சொல்லிக்கொடுக்க இதைவிட மலிவான சோதனை கிடையாது.

அமிலத்தை இப்படிக் குறைக்கும்போது மட்டும் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுங்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், அது அமிலத்தைத் தின்னும். காரத்தன்மை லிட்டருக்கு 300 மிகி என்று வைத்தால், 30 மிலி தண்ணீரில் 0.18 மில்லிமோல். 2 மோலார் அமிலம் 5 மிலியில் 10 மில்லிமோல் இருப்பதால் இது 2 சதவீதம்கூட இல்லை, மறந்துவிடலாம். 0.25 மோலார் அமிலத்தில் இருப்பது 1.25 மில்லிமோல். அதில் ஏழில் ஒரு பங்கு தண்ணீருக்கே போய்விடும். கேன் தண்ணீர் போதும், மெக்கானிக் கடையில் கிடைக்கும் பேட்டரி வாட்டர் இன்னும் நல்லது.

இன்னொரு நுணுக்கம், ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு. கந்தகம் உருவானவுடன் கண்ணுக்குத் தெரிவதில்லை. கரைசல் மீதெவிட்டிய நிலைக்கு, அதாவது கரையக்கூடிய அளவை விட அதிகமாகக் கந்தகம் கரைந்திருக்கும் நிலைக்குப் போய், அதன் பிறகே துகள்கள் பிறக்கின்றன. துகள் பிறப்புக்கும் வளர்ச்சிக்குமான கொள்கையை லாமெர், டினேகர் இருவரும் 1950ல் வெளியிட்டது இதே தயோசல்பேட்டையும் அமிலத்தையும் மிகவும் நீர்க்கச் செய்து கிடைத்த கந்தகக் கூழ்மத்தை வைத்துத்தான். உங்கள் முதல் குழுவின் பெருக்குத்தொகை 1100லிருந்து 1190க்கு மெல்ல ஏறுவதில் இந்தத் தாமதத்துக்கும் பங்கு இருக்கலாம். மிலிக்கும் 1/நேரத்துக்கும் மடக்கை எடுத்து வரைந்தால் சாய்வு, அதாவது வினைவகை, 1.05 வருகிறது. பள்ளிச் சோதனைக்கு அது 1தான்.

---

கொளத்தூர்_ஹைப்போ:

வெப்பநிலையை யாரும் தொடலையே. உங்க இரண்டு குழுவோட 50 மிலி அளவீட்டை மட்டும் பாருங்க. அதுல தண்ணீருக்கு வேலையே இல்லை, அதனால இரண்டும் ஒரே கலவை. 29 டிகிரியில 22 விநாடி, 34 டிகிரியில 16. அஞ்சு டிகிரிக்கு 1.375 மடங்கு. வெப்பநிலையையும் வேகத்தையும் இணைக்கற அர்ரீனியஸ் சமன்பாட்டுல போட்டா கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல்) மோலுக்கு சுமார் 49 கிலோஜூல். பரவாயில்லையேன்னு தோணும். ஆனா 16ங்கறது 15ஆ இருந்தா 59 வரும், 17ஆ இருந்தா 40 வரும். ஒரு விநாடி கைப்பிசகு இவ்வளவு பண்ணுது. இரண்டே புள்ளியை வச்சு கிளர்வு ஆற்றல் சொல்லக் கூடாது.

வெப்பநிலைக்குன்னு தனியா செய்யறதா இருந்தா 20 மிலி தயோசல்பேட் + 30 தண்ணீர் கலவையை எடுங்க, நேரம் நீளமா இருக்கும். நம்ம ஊர்ல அறை வெப்பநிலையே 30க்கு மேல. அதனால மேல மட்டும் போகாம ஐஸ் வாங்கி 15, 20, 25ன்னு கீழேயும் போங்க. மேல 50 போதும். அதுக்கு மேல வினையில வர்ற கந்தக டை ஆக்சைடு வாயுவோட நெடி தாங்காது. அமிலத்தையும் தனி டெஸ்ட் டியூப்ல, தயோசல்பேட் குடுவை இருக்கற அதே தண்ணீர்த் தொட்டியில வையுங்க. 50 டிகிரியில இருக்கற 50 மிலியில 30 டிகிரி அமிலம் 5 மிலி ஊத்தினா கலவை 48.2 ஆயிடும். அதையும் 50ன்னு எழுதறவங்கதான் அதிகம். தொடக்கத்துலயும் குறி மறையும்போதும் கலவைக்குள்ளேயே தெர்மாமீட்டர் வச்சுப் படிச்சு, சராசரியை எழுதுங்க. மத்தபடி செறிவுச் சோதனை செய்யற நாள்ல எல்லாக் குழுவும் ஒரே நேரத்துல செய்யணும். காலையில பாதி மதியம் பாதின்னா அது செறிவுச் சோதனையா வெப்பநிலைச் சோதனையான்னே தெரியாது.

பொருள் பற்றி. 0.15 மோலாருக்கு லிட்டருக்கு 37.2 கிராம்னா அது ஐந்து நீர் மூலக்கூறு உள்ள படிகத்துக்கு. பாட்டில்ல நீரற்றதுன்னு போட்டிருந்தா 23.7 கிராம்தான். பாரிமுனைப் பக்கத்து கெமிக்கல் கடையில கேட்கும்போதே எதுன்னு கேட்டுடுங்க. அவசரத்துக்கு கொளத்தூர் மீன் கடையில குளோரின் எடுக்கறதுக்கு விக்கற ஹைப்போ கல்லும் இதேதான், வினைவகை கண்டுபிடிக்க அது போதும். நிறம் போட்ட திரவ பாட்டில் வேண்டாம். கல்லைக் கரைச்சதும் தெளிவா இருக்கணும், இப்பவே கலங்கல் தெரிஞ்சா அந்தக் கரைசலைத் தூக்கிப் போடுங்க.

அமிலத்துக்கு பாத்ரூம் ஆசிட் வாங்கிடாதீங்க. செறிவு தெரியாதுங்கறது ஒரு பக்கம். அந்த மஞ்சள் நிறம் பெரும்பாலும் இரும்பு. இரும்பு தயோசல்பேட்டோட சேர்ந்து ஒரு நொடி ஊதா காட்டும், பிறகு தயோசல்பேட்டையே கொஞ்சம் தீர்த்துடும். லேப் அடர் அமிலத்துல சுமார் 86 மிலி எடுத்து, 300 மிலி தண்ணீருக்குள்ள மெதுவா ஊத்தி, ஆறினதும் 500 மிலி ஆக்கினா 2 மோலார். தண்ணீரை அமிலத்துல ஊத்தக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கும்.

பேனாவும் முக்கியம். கனமான மார்க்கர்ல போட்ட குறி ரொம்ப நேரம் மறையாது, கண்ணுக்கு "இருக்கா இல்லையா"ன்னு சந்தேகமாவே இருக்கும். பென்சில் கோடு சட்டுனு போயிடும். ஒரே பேப்பர், ஒரே ஆள், ஒரே டியூப்லைட். ஜன்னல் பக்கம் வேண்டாம், வெயில் மாறும்.

---

பெரம்பூர்_டியூஷன்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு பீக்கர் சோதனையை அடுத்த வகுப்பில் வைக்கிறேன். 50 மிலிக்கு 16 விநாடி என்பது ரொம்பக் குறைவு போலிருக்கிறது, கரைசலை நீர்க்கச் செய்யலாமா? பத்துக் குழு ஒரே நேரத்தில் செய்தால் நெடி என்னாகும்? எங்கள் அறையில் ஒரு ஜன்னலும் ஒரு ஃபேனும்தான்.

---

வண்ணை_லேப்:

நீர்க்கச் செய்யுங்க. 0.1 மோலார், லிட்டருக்கு 24.8 கிராம். காலை வெப்பநிலையில 50 மிலிக்கு சுமார் 33 விநாடி வரும், 10 மிலிக்கு மூணு நிமிஷத்துக்கு உள்ளேயே முடிஞ்சிடும். அமிலத்தை அளவு ஜாடியில ஊத்தாம, மெடிக்கல் ஷாப்புல கிடைக்கற ஊசி இல்லாத 10 மிலி சிரிஞ்சால ஒரே அழுத்தா விடுங்க. பாதி உள்ளே போகும்போது வாட்சை அழுத்தி, இரண்டு சுழற்று சுழற்றிட்டுக் கீழே வச்சிடணும். ஃபோன்ல வீடியோ எடுக்கறவங்க எக்ஸ்போஷரை லாக் பண்ணிடுங்க. இல்லைன்னா திரவம் கலங்கக் கலங்க கேமரா தானா வெளிச்சத்தை மாத்திக்கிட்டுக் குறியைக் காட்டிக்கிட்டே இருக்கும்.

நெடிக்கு வழி, அளவை அஞ்சுல ஒண்ணாக்கறது. சின்னக் கண்ணாடிக் குப்பியில மொத்தம் 10 மிலி கரைசல், 1 மிலி அமிலம். குப்பி எல்லாம் ஒரே அகலமா இருக்கணும், ஆழம் கதை மறுபடி வந்துடும். மணலி, எண்ணூர் பக்கத்துப் பிள்ளைங்களுக்கு இந்த நெடி புதுசு இல்லைன்னு சிரிப்பாங்க. ஆனா ஆஸ்துமா இருக்கற பிள்ளையைக் குடுவைக்கு மேலே குனிய விடாதீங்க, அவங்க வாட்ச் பிடிக்கட்டும்.

குறி மறைஞ்சதும் குடுவையை அப்படியே வச்சிட்டுப் போறதுதான் பெரிய தப்பு. அந்த நேரத்துல வினையில கொஞ்சம்தான் நடந்திருக்கும், மீதி வாயு அதுக்கப்புறம்தான் வரும். ஒரு பக்கெட்ல 5 லிட்டர் தண்ணீர், 200 கிராம் சலவை சோடா, சில சொட்டு பினாஃப்தலீன் (காரத்துல இளஞ்சிவப்பாகற நிறங்காட்டி). மறைஞ்ச உடனே அதுல கொட்டிடணும். அமிலம் அடங்கும், வினை நிக்கும், வாயுவையும் அது பிடிச்சுக்கும். இளஞ்சிவப்பு போயிடுச்சுன்னா இன்னும் கொஞ்சம் சோடா போடுங்க. பெரிய அளவுலயே பத்துக் குழு ஆளுக்கு அஞ்சு முறை செஞ்சாலும் இது தாங்கும்.

---

கொளத்தூர்_ஹைப்போ:

ஒண்ணு விட்டுப்போச்சு. குடுவையை ஒவ்வொரு முறையும் உடனே பிரஷ் போட்டுக் கழுவணும். அடியில கந்தகம் மெல்லிசா ஒட்டிக்கிட்டா அடுத்த அளவீடு தொடங்கும்போதே பாதிக் கலங்கல் இருக்கும், நேரம் குறைச்சலா வரும். அதிலும் 50 மிலியில ஆரம்பிச்சு 10க்கு வர்ற வரிசையில செஞ்சா, கடைசி அளவீடுகள்தான் கெடும். அதனால வரிசையைக் கலைச்சு 30, 10, 50, 20, 40ன்னு செய்யச் சொல்லுங்க, கடைசியில 30ஐ இன்னொரு தடவை. முதல் 30க்கும் கடைசி 30க்கும் இரண்டு மூணு விநாடிக்கு மேல வித்தியாசம் இருந்தா, நடுவுல குடுவை அழுக்காயிருக்கு, இல்லைன்னா அறை சூடாயிருக்கு.